புட்ஸ் அறையில் பீட்டர்ஸ்பர்க் ஆட்சி

"…அந்த ராசாவும் அவரின்ரை கவர்னரும் நல்லா இருக்கட்டும் அண்ணை, எனக்கு நாளையிண்டைக்கு லீவு இருக்கோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ!"

இதைச் சொன்னவர் மன்னார்த் தங்கச்சி. சொன்ன இடம், சுவிஸில் ஓல்டன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ்த் தளத்தில் வாளிகளும் மொப்புகளும் வைக்கிற அறை. துப்புரவுக்கு ஜேர்மனில் புட்ஸ் என்பதால் புட்ஸ் அறை என்போம். வெள்ளிக்கிழமை காலை, ஒன்பது மணிக் கோப்பிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். கதவடியில் ரஷ்ய அக்கா, கவிழ்த்துவைத்த வாளியின் மேல் நான். நான் அந்த நேரத்தில் பீட்டர்ஸ்பர்க் நகரத்தை யார் யார் எப்படி ஆண்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அதுவும் அந்த நகரத்துக்காரியான ரஷ்ய அக்காவுக்கு முன்னால்.

தங்கச்சி கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. நாளை மறுநாள் ஞாயிறு, அவருடைய சின்ன மகளுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். பத்து மணிக்குப் பூசை. அந்த நேரம் தாய் கோயிலில் முன்வாங்கில் இருப்பாரா, இரண்டாம் மாடியில் தரை துடைத்துக்கொண்டிருப்பாரா என்று எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான். அதற்கு எனக்கு ஆறு வாரம் தரப்பட்டிருந்தது. ஆறு கிழமையில் நான் ஒரு பேரரசை எழுப்பி, கவிழ்த்து, தேர்தலும் வைத்துவிட்டேன். வேலைப் பட்டியலில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் முடிவாக நிரப்பவில்லை.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துப்புரவுக் குழு நாலு பேர். நான், மன்னார்த் தங்கச்சி, ரஷ்ய அக்கா, போர்த்துக்கல்காரர் ஒருவர். மேற்பார்வையாளர் அம்மா முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போனபோது இல்லத் தலைவி என்னைக் கூப்பிட்டார். "நீங்கள்தான் இங்கே பழைய ஆள். கிழமை நாள்களை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறு காலைக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஆறு ஞாயிறு. உங்களுக்குள் பேசி எழுதித் தாருங்கள்" என்றார்.

பேசி எழுதித் தரச் சொன்னார். எழுதுவதைக் கழித்துவிட்டுப் பேசுவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் அப்படிப்பட்ட ஆள். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. மிச்சத்தை ரயில் இருக்கைகளில் ஆட்கள் விட்டுப்போகும் பத்திரிகைகளிலும், ஆட்களின் வாயிலும் படித்தேன். யாராவது நல்ல வசனம் ஒன்று சொன்னால் மிக்ரோஸ் கடை ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். எங்கள் ஆட்களின் பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் எல்லாவற்றிலும் மைக் பிடிக்கிறவன் நான்தான். சனம் இல்லாத மண்டபத்திலும் நான் பேசுவேன், சோறு வந்த பிறகும் பேசுவேன்.

"எனக்குப் பதவி தந்திருக்கினம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப மொப்பைக் கீழை வைப்பியளோ?"

"இல்லை, மொப்பும் இருக்கும்."

"அப்ப பதவி எங்கை இருக்கும்?"

இந்த வசனத்தையும் ரசீதில் குறித்துவைத்திருக்கிறேன்.

தங்கச்சி முதல் நாளே வந்து கேட்டார். "அண்ணை, கடைசி ஞாயிறு எனக்கு விடுங்கோ. பிள்ளையின்ரை முதல் நன்மை. மற்ற அஞ்சு ஞாயிறும் வேணுமெண்டாலும் போடுங்கோ, நான் வாறன்." இதைவிட நியாயமாக ஒருவர் கேட்க முடியாது. ஆமென்று அங்கேயே ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. நான் குரலைத் தாழ்த்தி, "பாப்பம் தங்கச்சி. இப்ப உடனை எழுதினால் மற்ற ரெண்டு பேரும் என்ன சொல்லுவினம்? தங்கட ஆளுக்குச் செய்யிறான் எண்டு சொல்லுவினம்" என்றேன்.

இது எங்கள் ஆட்களுக்கே உரிய வியாதி. வெளிநாட்டில் ஒரு தமிழன் கையில் ஒரு சாண் அதிகாரம் வந்தால் முதலில் நசிவது பக்கத்தில் நிற்கிற தமிழன்தான். நேர்மையைக் காட்டுவதற்கு நம்முடைய ஆளைவிட வசதியான ஆள் கிடையாது. முன்பு டீட்டிகோனில் ஒரு பண்டகசாலையில் எனக்கு மேலே இருந்த தமிழர் எனக்கு மட்டும் தைப்பொங்கலன்று வேலை போட்டார். "தம்பி, குறை நினையாதையும், நாங்கள் எங்கட ஆக்களெண்டு பாக்கக் கூடாது" என்றார். அவரை நான் மூன்று வருடம் திட்டினேன். பிறகு அவருடைய வசனத்தையே ஒரு சொல் மாறாமல் தங்கச்சிக்குச் சொன்னேன்.

இப்போது ரஷ்ய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இங்கே ஒரு சுவிஸ்காரரைக் கட்டி வருவதற்கு முன் பீட்டர்ஸ்பர்க் நகர நிர்வாகத்தில் தட்டச்சாளர். வேலையில் சேரும்போது ஊருக்குப் பெயர் லெனின்கிராட், ஆட்சி செய்தது கட்சி. கதிரையை விட்டு எழும்பாமலே ஊரின் பெயர் மாறியது, நகரபிதா வந்தார், பிறகு அந்தப் பதவிக்கே பெயர் மாறி ஆளுநர் வந்தார். "நான் மை நாடா மட்டும்தான் மாத்தினனான்" என்பார். எங்கள் இருவருக்கும் பொது மொழி ஜேர்மன். அவருடைய ஜேர்மனில் பாதி ரஷ்யன், என்னுடையதில் பாதி கை. அதனால் அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில்தான் இங்கே சொல்ல முடியும். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் மாதிரிக் கேட்டால் என்னை மன்னியுங்கள்.

ஒன்பது மணிக் கோப்பியில் அவர் தன் ஊரின் ஆட்சிக் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். நான் வாய் பிளந்து கேட்பேன். கேட்டதோடு நின்றிருக்கலாம்.

முதல் இரண்டு கிழமை நான் ஆளுநர். வீட்டு மேசையில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, நாலு பேருக்கு நாலு நிறம் தீட்டி, ஆறு ஞாயிறையும் தனியாக நிரப்பிக் கொண்டுபோய் புட்ஸ் அறைக் கதவில் ஒட்டினேன். ரஷ்ய அக்கா கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார்.

"உனக்கு நாலு ஞாயிறு லீவு."

"அது தற்செயல்."

"எங்கட ஊரின்ரை முதல் ஆளுநர், ராசாவின்ரை கூட்டாளி. ராசா சின்ன வீட்டிலை இருந்தவர். ஆளுநர் பெரிய கல் மாளிகை கட்டினார். ராசாவுக்கு விருந்து வைக்கவேணுமெண்டால் ஆளுநரின்ரை மாளிகைக்குத்தான் போகவேணும்." கண்ணாடியைக் கழற்றினார். "அவரும் தற்செயல் எண்டுதான் சொல்லியிருப்பார்."

போர்த்துக்கல்காரர் தாளை விரலால் சுரண்டிப் பார்த்தார். தன்னுடைய நிறம் ஊதா என்பதில்தான் அவருக்கு மனவருத்தம்.

கடைசி ஞாயிற்றுக் கட்டத்தில் நான் இரண்டு பெயர் போட்டிருந்தேன். ரஷ்ய அக்கா, மன்னார்த் தங்கச்சி. தங்கச்சி கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது சும்மா, தற்காலிகம்" என்றேன். அவர் மொப்பை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் கிழமை மனச்சாட்சி குத்தியது. ஆளுநரை நீக்கிவிட்டு நகரசபை வைத்தேன். அதுவும் ரஷ்ய அக்காவின் கதைதான். ஒரு பேரரசி ஊர்ச் சனங்களை ஆறு வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு குரல் என்று ஆறு குரல் கொண்ட சபையை உண்டாக்கினாராம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எங்களிடம் ஆறு வகை இல்லை. ஆகவே தரை, கண்ணாடி, குப்பை, சலவை என்று நாலு வகை வைத்தேன். கோப்பி நேரத்தில் சபை கூடும். சலவையின் குரல் தங்கச்சி. அவர் எழும்பி, "எனக்குக் கடைசி ஞாயிறு லீவு வேணும்" என்றார். கண்ணாடியின் குரலான ரஷ்ய அக்கா, "குடுக்கலாம்" என்றார். குப்பையின் குரலான போர்த்துக்கல்காரர் வாய் நிறையப் பாண் ரொட்டியோடு தலையாட்டினார். விசயம் முடிந்தது. முடியவேண்டிய இடம் அதுதான்.

"பொறுங்கோ" என்றேன் நான். "அந்தச் சபைக்கு மேலை ராசா வைச்ச ஆள் ஒருத்தர் இருந்தவரெல்லோ? சபை விளக்கு, தண்ணி, ட்ராம் எல்லாத்தையும் பாக்கலாம். ஆனா அவர் வேண்டாமெண்டால் வேண்டாம்."

"ஓம், இருந்தவர்" என்றார் ரஷ்ய அக்கா. "இஞ்ச அது ஆர்?"

நான் இருமினேன்.

அந்த இருமலுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இதுவரை 'தங்கட ஆளுக்குச் செய்யிறான்' என்ற பழிக்குப் பயந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி இது. போர்த்துக்கல்காரருக்கு அந்த ஞாயிறு ஊருக்குப் போகப் பயணச்சீட்டும் விடுமுறையும் முன்னமே எடுத்தாகிவிட்டது. மிச்சம் மூன்று பேர். வேலைக்கு வேண்டியது இரண்டு பேர். தங்கச்சிக்கு லீவு என்றால் வேலை செய்ய வேண்டியவர்கள் ரஷ்ய அக்காவும் நானும். மாற்று ஆள் தர முடியாது என்று இல்லத் தலைவி சொல்லிவிட்டார். இல்லத்தில் ஞாயிறு வேலை மதியச் சாப்பாடு முடிந்து, சாப்பாட்டு மண்டபம் கூட்டித் துடைத்து, மூன்று மணிக்குத்தான் முடியும். முதல் நன்மை விருந்து மண்டபத்தில் பன்னிரண்டு மணிக்கு. அந்த விருந்துக்கு மைக் பிடிக்கத் தங்கச்சியின் புருசன் மூன்று மாதத்துக்கு முன்பே கேட்டது என்னை.

இருநூறு பேர் கூடுகிற மண்டபம். பாரிசிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 'அப்பம்' என்ற சொல்லில் தொடங்கி, பள்ளிக்குப் பாண் கட்டிக் கொடுக்கும் தாயின் கையில் போய் முடிகிற ஒரு பேச்சை நான் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பழகிக்கொண்டிருந்தேன். கண் கலங்குகிற இடத்தில் என் கண்ணே கலங்கியது. தாயைப் புகழ்கிற அந்தப் பேச்சைப் பேசுவதற்காகத் தாயை வேலைக்கு அனுப்பப் பார்த்தேன். இதை இப்போது எழுதும்போதுதான் இவ்வளவு கேவலமாகத் தெரிகிறது. அப்போது இது நிர்வாகச் சிக்கல் மாதிரித்தான் தெரிந்தது.

மனைவிக்கு மட்டும் அப்போதே தெரிந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "நீங்கள் கதைக்காவிட்டால் பிள்ளைக்கு நன்மை குடுக்கமாட்டன் எண்டு சுவாமியார் சொன்னவரோ?" என்று கேட்டார். நான் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

நாலாம் கிழமை புரட்சி வெடித்தது. காலையில் வந்து பார்த்தால் கதவின் உள்பக்கம் இன்னொரு வேலைப் பிளான். ரஷ்ய அக்காவின் கையெழுத்து, போர்த்துக்கல்காரரின் கைநாட்டு மாதிரி ஒரு கோப்பிக் கறை. வெளிப்பக்கம் என்னுடைய பிளான். இரண்டும் ஒரே கதவில்.

"இதென்ன அக்கா?"

"இரட்டை ஆட்சி" என்றார் அமைதியாக. "ராசா போன பிறகு எங்கட ஊரிலை ஒரே மாளிகை. ஒரு பக்கத்து மண்டபத்திலை பழைய சபை ஆக்கள், மற்றப் பக்கத்திலை தொழிலாளர் சோவியத். ரெண்டு பேரும் ஒரே வாசலாலைதான் போய் வந்தவை."

"அப்ப ஆர் சொன்னதைச் சனம் கேட்டது?"

"நீ ஞாயிற்றுக்கிழமை பார்."

பார்த்தேன். என் பிளானின்படி அந்த ஞாயிறு தங்கச்சியும் நானும். அவர்களுடையபடி ரஷ்ய அக்காவும் போர்த்துக்கல்காரரும். நாலு பேரும் வந்துவிட்டோம். விட்டுக்கொடுத்தால் எதிர்ப்பக்கம் வென்றதாகிவிடும், ஆகவே யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முதலாம் மாடியை நான் துடைக்க, காய முன்னம் போர்த்துக்கல்காரர் திரும்பத் துடைத்தார். தொண்ணூறு தாண்டிய ஒரு தாத்தா நடைவண்டியோடு அறை வாசலில் நின்று, "இன்றைக்கு யார், பிஷப் வருகிறாரா?" என்று கேட்டார். தங்கச்சி மட்டும் ஒரு மூலையில் இருந்து தொலைபேசியில் கேக்கின் நிறம் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். ரோஸ் வேண்டாம், வெள்ளைதான் வேண்டும் என்றார். அந்தக் கேக்கை வெட்டுகிற நேரம் தான் அங்கே நிற்போமா என்று தெரியாமலே அதன் நிறத்தை முடிவுசெய்தார். அதைப் பார்த்துக்கொண்டே நான் அடுத்த அறையைத் துடைக்கப் போனேன்.

திங்கட்கிழமை இல்லத் தலைவி கூப்பிட்டார். நாலு பேர் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்கினேன். பேரரசி வரை வரும்போது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கடைசி ஞாயிற்றுக்கு ஒரே தாள். ஒரே கையெழுத்து. அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு என் மேசையில்" என்றார்.

ஐந்தாம் ஞாயிறை அவரே எழுதிவிட்டார். எனக்கு மிச்சம் இருந்தது ஒரு ஞாயிறு. வியாழக்கிழமை போர்த்துக்கல்காரர் ஊருக்குப் போனார், என் கையைக் குலுக்கி, "நாட்டைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு. அவர் பேசிய அந்த ஒரு பகிடியையும் ரசீதில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, கெடு முடிய இருபது நிமிடம் இருக்க, நான் தேர்தல் வைத்தேன். கடைசியில் பீட்டர்ஸ்பர்க்காரரும் தேர்தல் வைத்துத்தானே நகரபிதாவைத் தெரிவுசெய்தார்கள்? தெரிவாகிற ஆள் கையெழுத்துப் போடட்டும், முடிவு அவருடையது. உண்மையில் நான் நினைத்தது வேறு. சனம் என்னைத் தெரிவுசெய்தால், சனம் தந்த அதிகாரத்தோடு தங்கச்சியை வேலைக்குப் போடலாம். பழி சனத்துக்கு. மூன்று துண்டுத் தாள்களை வாளிக்குள் போட்டோம். எண்ணினேன். எனக்கு ஒரு வாக்கு. அந்தக் கையெழுத்தை நான் நன்றாக அறிவேன். ரஷ்ய அக்காவுக்கு இரண்டு.

"எனக்கு வேண்டாம்" என்றார் ரஷ்ய அக்கா உடனே. "நான் எனக்குப் போடேல்லை, உனக்கு எதிராகப் போட்டனான். அங்கை மூண்டு ஆட்சிக்கும் தட்டச்சு அடிச்சனான், ஒருத்தரும் என்னைக் கதிரையிலை இரு எண்டு கேட்டதில்லை. இப்ப இந்த வாளியிலை இருக்கச் சொல்லுறாய்."

"அப்ப சட்டப்படி என்ன செய்யிறது?" என்று கேட்டேன் நான். கேட்டதும் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. அந்த ஊரில் நகரபிதாப் பதவியைத் திரும்ப ஆளுநர் ஆக்கினார்களல்லவா? ஆகவே நாங்களும் பழையபடி ஆளுநர் முறைக்குப் போகலாம் என்றேன். அந்த மாற்றம் எப்படி வந்தது, முதல் ஆளுநருக்கும் இந்த ஆளுநருக்கும் என்ன வேறுபாடு, ராசா இல்லாமல் ஆளுநர் எப்படி என்றெல்லாம் வாளியில் இருந்தபடியே விரித்துக்கொண்டு போனேன். ரஷ்ய அக்கா, "அது அப்படி இல்லை" என்று இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் குறைய ஒன்பதைக் காட்டியது.

அப்போதுதான் தங்கச்சி அந்தக் கேள்வியைக் கேட்டார். ராசாவும் கவர்னரும் நல்லா இருக்கட்டும், எனக்கு லீவு இருக்கோ இல்லையோ.

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் என் வாயிலிருந்து, "தங்கச்சி, நீர் பூசையை மட்டும் முடிச்சிட்டு, பதினொண்டரைக்கு ஓடி வந்தீரெண்டால்…" என்றுதான் வந்தது.

 மேலே உணவுத் தள்ளுவண்டி உருள்வது கேட்டது. தங்கச்சியின் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஒரு கறையைப் பார்க்கிற மாதிரி, இது எந்தத் திரவத்துக்குப் போகும் என்று யோசிக்கிற மாதிரி, என்னைப் பார்த்தார்.

பிறகு வேலையங்கிப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கதவில் ஒட்டியிருந்த தாளில் ஞாயிற்றுக் கட்டத்தில் இருந்த தன் பெயரை வெட்டி, அதற்கு மேல் என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். தாளைக் கிழியாமல் உரித்து, என் முழங்காலின் மேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நான் போட்டேன். அதை ரஷ்ய அக்காவிடம் கொடுத்து இல்லத் தலைவியின் அறைக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசியை எடுத்து, எனக்கு முன்னாலேயே, பாசல் நகரத்தில் இருக்கிற தன் அக்காவின் புருசனைக் கூப்பிட்டார்.

"அத்தான், ஞாயிற்றுக்கிழமை மைக்கை நீங்கள் பிடியுங்கோ" என்றார். "அண்ணைக்கு அண்டைக்கு வேலையாம்."